சுகர் கட்டுக்குள்தான் இருந்தது, அரிப்பு மட்டும் நிற்கவில்லை: ஒரு நிகழ்வு ஆய்வு

எட்டு மாதமாகப் பிறப்புறுப்பில் அரிப்பும் எரிச்சலும் தீராமல் வந்த ஒரு பெண்ணின் சிகிச்சைக் குறிப்பு இது. அவருடைய சம்மதத்தோடு, ஆள் அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றி எழுதுகிறேன். நோய் ஒன்றும் அபூர்வமானதல்ல. பெண்களில் நான்கில் மூன்று பேருக்கு வாழ்நாளில் ஒருமுறையாவது ஈஸ்ட் என்கிற பூஞ்சைத் தொற்று அந்த இடத்தில் வந்துபோகும். பெரும்பாலும் ஒரு மாத்திரையிலோ ஒரு வாரக் களிம்பிலோ அடங்கிவிடும். அடங்காதபோது என்ன பார்க்கவேண்டும் என்பதில் முதல் சந்திப்பில் நான் கோட்டை விட்டேன். அதனால்தான் எழுதுகிறேன்.

பின்னணி

வயது 44. திருப்பூர் பக்கம் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. இரண்டு பிள்ளைகள், இரண்டும் சுகப்பிரசவம், பிறகு குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன். மாதவிலக்கு ஒழுங்காக வருகிறது. ஆறு வருடமாகச் சுகர் உண்டு, மாத்திரை போடுகிறார், ஊசி இல்லை.

அரிப்பு தொடங்கியபோது அவர் யாரிடமும் சொல்லவில்லை. சில வாரம் கழித்து மாமியாரிடம் சொல்ல, "உடம்புச் சூடு" என்று முடிவாயிற்று. ஊறவைத்த வெந்தயம், இளநீர், செவ்வாய் வெள்ளி எண்ணெய்க் குளியல். குறையவில்லை. அப்புறம் வேப்பிலை போட்டுக் கொதிக்கவைத்த தண்ணீரில் கழுவினார். அதன்பின் ஒரு மக்கு தண்ணீரில் இரண்டு மூடி டெட்டால். டெட்டால் ஊற்றிய அன்று இரவெல்லாம் தூங்கவில்லை என்றார். எரிச்சலைத் தாங்கிக்கொண்டால் கிருமி செத்துவிடும் என்று மூன்று நாள் தொடர்ந்து செய்திருக்கிறார்.

பிறகு மெடிக்கல் ஷாப். அங்கே ஒரு க்ரீம் கொடுத்தார்கள். இரண்டே நாளில் அரிப்பு நின்றது. நிறுத்தினால் ஒரு வாரத்தில் திரும்பியது. திரும்பவும் பூசினார். இப்படியே மாதங்கள் ஓடின. நடுவில் அதே கடையில் ஃப்ளூகோனசோல் என்கிற பூஞ்சைக்கொல்லி, 150 மில்லிகிராம் மாத்திரை ஒன்று, இரண்டு என்று ஐந்தாறு தடவை வாங்கிப் போட்டிருக்கிறார்.

இன்னொரு இடத்தில் கணவன் மனைவி இருவருக்குமாக ஒரு "கிட்" கொடுத்து அனுப்பினார்கள். ஒரே அட்டையில் ஃப்ளூகோனசோலும், வேறு கிருமிகளுக்கான அசித்ரோமைசின், செக்னிடசோலும். அவருக்குப் பலன் தெரியவில்லை, ஆனால் வீட்டில் பிரச்சினை வந்துவிட்டது. புருஷனுக்கும் மருந்து என்றால் அவர் வழியாக வந்த நோய் என்றுதானே அர்த்தம்? மூன்று மாதம் இருவரும் சரியாகப் பேசிக்கொள்ளவில்லை. என்னிடம் வந்தபோது அவர் முதலில் கேட்டது அரிப்பைப் பற்றி அல்ல.

"இது அவரு மூலமா வந்ததுங்களா டாக்டரம்மா? அதை மட்டும் சொல்லிருங்க."

முதல் சந்திப்பு

பரிசோதனையில் வெளி உதடுகளும் உள் உதடுகளும் நன்றாகச் சிவந்திருந்தன. மடிப்புகளில் காகிதம் கிழித்ததுபோல மெல்லிய வெடிப்புகள். தோல் சில இடங்களில் பளபளவென்று மெலிந்து, கீழே இருக்கும் ரத்தக் குழாய் தெரியும் அளவுக்கு இருந்தது. உள்ளே வெள்ளைப்படுதல் கொஞ்சம்தான். பாடப்புத்தகத்தில் வரும் தயிர்த் திப்பி மாதிரி இல்லை. துர்நாற்றம் இல்லை. கர்ப்பப்பை வாய் நன்றாக இருந்தது. அமிலத்தன்மையைக் காட்டும் பிஎச் தாள் 4 காட்டியது. அந்த இடத்தின் இயல்பான அமிலத்தன்மை 3.8 முதல் 4.5 வரை; ஈஸ்ட் தொற்றில் அது பெரும்பாலும் மாறாது. பாக்டீரியா வெஜினோசிஸ், ட்ரைக்கோமோனஸ் என்கிற மற்ற இரண்டு தொற்றுகளில் 4.5-ஐத் தாண்டும். ஆக, மிச்சமிருப்பது ஈஸ்ட் என்று நினைத்தேன்.

சுகர் எப்படி இருக்கிறது என்று கேட்டேன். "கன்ட்ரோல்ல இருக்குங்க" என்று ரிப்போர்ட்டை நீட்டினார். வெறும் வயிற்றில் 112, மூன்று மாத சராசரியான எச்பிஏ1சி 6.8. நல்ல கட்டுப்பாடு. அந்தக் காகிதத்தைப் பார்த்ததும் சர்க்கரை நோய்தான் காரணம் என்கிற வழியை மனதுக்குள் மூடிவிட்டேன். என்ன மாத்திரையால் இந்த 6.8 வந்தது என்று கேட்கவில்லை.

அன்று ஓபியில் அறுபது பேருக்கு மேல். ஸ்லைடு போட்டு மைக்ரோஸ்கோப்பில் பார்க்கவில்லை. மைக்ரோஸ்கோப் இருக்கும் லேப் என் அறையிலிருந்து பத்தடி.

ஒரு வருடத்தில் மூன்று தடவையோ அதற்கு மேலோ வந்தால் அது திரும்பத் திரும்ப வரும் ஈஸ்ட் தொற்று. அதற்கு வழக்கமான தொடக்கம் ஃப்ளூகோனசோல் 150 மில்லிகிராம், முதல் நாள், 4-ஆம் நாள், 7-ஆம் நாள் என மூன்று மாத்திரை. அதன்பின் ஆறு மாதத்துக்கு வாரம் ஒன்று. அதையே எழுதினேன். க்ரீமை நிறுத்தச் சொன்னேன். என்ன க்ரீம் என்று கேட்டதற்கு "வெள்ளையா இருக்குமுங்க" என்றார். நானும் விட்டுவிட்டேன்.

அன்று சரியாகச் செய்தது ஒன்று உண்டு. இது பாலியல் தொற்று அல்ல, எந்தத் தொடர்பும் இல்லாத பெண்ணுக்கும் வரும், கணவருக்கு அரிப்போ சிவப்போ இருந்தால் ஒழிய அவருக்கு மருந்து தேவையில்லை என்று விளக்கிச் சொன்னேன். வாசலில் உட்கார்ந்திருந்த கணவரையும் உள்ளே கூப்பிட்டு அதையே திரும்பச் சொன்னேன். அவர் ஒன்றும் பேசவில்லை. தலையை மட்டும் ஆட்டினார்.

நான்காம் நாள்

நான்காம் நாள் சாயங்காலம் போன் வந்தது. கம்பெனியில் வேலை செய்துகொண்டிருக்கும்போதே கை நடுங்கி, வியர்த்து, கண் இருட்டிக்கொண்டு வந்திருக்கிறது. பக்கத்துக் கிளினிக்கில் பார்த்ததில் சுகர் 58. சர்க்கரைத் தண்ணீர் குடித்து, ஒரு மணி நேரம் படுத்தபின் சரியானது. அன்று ஆர்டர் அவசரம் என்று மதியச் சாப்பாட்டைத் தள்ளிப்போட்டிருந்தார். ஆனால் அதற்கு முன்பும் பல தடவை சாப்பாடு தள்ளிப்போயிருக்கிறது, இப்படி ஆனதில்லை.

ஃப்ளூகோனசோல் கல்லீரலில் சில மருந்துகளைச் சிதைக்கும் நொதிகளைத் தடுக்கும். கிளிமெபிரைட் மாதிரியான சுகர் மாத்திரை அந்த நொதியால்தான் சிதைகிறது. சிதையாவிட்டால் ரத்தத்தில் அளவு ஏறி, சர்க்கரை தாழ்ந்துபோகும். ஃப்ளூகோனசோல் உடம்பைவிட்டு மெதுவாகப் போகிற மருந்து. முதல் மாத்திரை முழுக்க வெளியேறும் முன்பே இரண்டாவது உள்ளே போய்விட்டது. முன்பு ஒற்றை மாத்திரையாகப் போட்டபோது இது வெளியே தெரியவில்லை.

மூன்றாவது மாத்திரையை நிறுத்தச் சொல்லி, சுகர் டாக்டரை அன்றே தொடர்புகொள்ளவும் சொன்னேன். மறுநாள் வீட்டில் இருக்கும் எல்லா மருந்தையும், தீர்ந்துபோன அட்டை உட்பட, ஒரு பையில் போட்டு எடுத்துவரச் சொன்னேன். தாழ்சர்க்கரை வராமல் இருந்திருந்தால் இதைக் கேட்டிருக்கவே மாட்டேன், வாராந்திர மாத்திரையை ஆறு மாதம் எழுதிக்கொண்டே இருந்திருப்பேன்.

மஞ்சப்பையில் இருந்தவை

பையை மேசையில் கொட்டினார். கிளிமெபிரைடும் மெட்ஃபார்மினும் சேர்ந்த மாத்திரை. கொலஸ்ட்ராலுக்கு அட்டோர்வாஸ்டாடின். சுகருக்கு இன்னொன்று, டாபாக்ளிஃப்ளோசின் 10 மில்லிகிராம். ஒரு சத்து மாத்திரை. பிதுக்கி முடித்த மூன்று க்ரீம் ட்யூப்கள், நான்காவது பாதி.

ட்யூபில் சின்ன எழுத்தில் இருந்தது: க்ளோபெட்டசோல், ஒரு ஆன்டிபயாடிக், ஒரு பூஞ்சைக்கொல்லி. க்ளோபெட்டசோல் மிக வீரியமான ஸ்டீராய்டு. 2018-லேயே இந்த வகைக் களிம்புகள் டாக்டர் சீட்டு இருந்தால்தான் விற்கவேண்டிய பட்டியலில் சேர்ந்துவிட்டன. நடப்பு எல்லோருக்கும் தெரியும். இரண்டே நாளில் அரிப்பை நிறுத்தியது இந்த ஸ்டீராய்டுதான். அது வீக்கத்தையும் சிவப்பையும் அடக்கும், பூஞ்சையை வளரவிடும், மாதக்கணக்கில் பூசினால் தோலை மெலியவைக்கும். முதல் நாள் நான் பார்த்த பளபளப்பு அதுதான்.

டாபாக்ளிஃப்ளோசின் வேறு கதை. இது சிறுநீரகம் திரும்ப உறிஞ்சவேண்டிய சர்க்கரையை உறிஞ்சவிடாமல் சிறுநீரில் தள்ளிவிடும் மருந்து. ஒரு நாளைக்கு எழுபது கிராம் போலச் சர்க்கரை இப்படி வெளியேறும். ரத்தத்தில் அளவு அழகாக இறங்கும், எச்பிஏ1சி 6.8 வரும். ஆனால் ஒவ்வொரு தடவை சிறுநீர் கழிக்கும்போதும் அந்த இடம் சர்க்கரைத் தண்ணீரில் நனையும். ஈஸ்டுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? இந்த மருந்துக் குடும்பத்தின் நன்கு தெரிந்த பக்கவிளைவு பிறப்புறுப்புப் பூஞ்சைத் தொற்று. ஆண்களைவிடப் பெண்களுக்கு அதிகம். இந்தியாவில் 2020-இல் இதன் காப்புரிமை முடிந்து, பல கம்பெனிகள் தயாரிக்கத் தொடங்கி, விலை சரிந்தது. நல்ல மருந்து எளிதாகக் கிடைப்பது நல்லதுதான். அதன் கூடவே இந்த அரிப்பும் மகப்பேறு மருத்துவர்களின் ஓபிக்கு வந்திருக்கிறது, எங்களில் பலர் இன்னும் அதற்குப் பழகவில்லை.

தேதிகளை ஒரு காகிதத்தில் பக்கத்துப் பக்கத்தில் எழுதினோம். டாபாக்ளிஃப்ளோசின் தொடங்கிப் பத்து மாதம். அரிப்பு தொடங்கி எட்டு மாதம். அவர் அந்தக் காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "யூரின்ல சர்க்கரை நாலு ப்ளஸ்னு லேப்ல பயமுறுத்துனாங்க, ரத்தத்துல கம்மியாத்தானே இருக்குனு கேட்டேன், யாரும் பதில் சொல்லலைங்க" என்றார். கேள்வி சரியான கேள்வி. இந்த மாத்திரை போடுகிறவர்களுக்குச் சிறுநீரில் சர்க்கரை தெரிவது இயல்பு.

அன்று ஸ்லைடு போட்டேன். பத்து சதவீத பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசல் ஒரு சொட்டு. மொட்டுவிடும் ஈஸ்ட் செல்கள் தெரிந்தன. ஆனால் நூல் நூலாக நீளும் இழைகள் ஒன்றுகூட இல்லை. சாதாரணமாக வரும் கேண்டிடா ஆல்பிகன்ஸ் இழை விடும். இழை இல்லாவிட்டால் கேண்டிடா கிளப்ராட்டாவைச் சந்தேகிக்க வேண்டும். லேபில் வளர்த்து எந்த வகை என்று பார்க்கும் கல்ச்சருக்கு அனுப்பினோம். நான்கு நாளில் கிளப்ராட்டா என்றே வந்தது. (வகைப்பாட்டில் இப்போது அதற்குப் பெயர் மாற்றிவிட்டார்கள். லேப் ரிப்போர்ட்டில் இன்னும் பழைய பெயர்தான்.) ஃப்ளூகோனசோல் இதனிடம் பல நேரம் சரியாக வேலை செய்யாது. அவர் வாங்கிப் போட்ட ஐந்தாறு மாத்திரையும், நான் எழுதியதும் எதைச் சாதித்திருக்கும் என்று யோசித்தால், ஆல்பிகன்ஸை அழித்து கிளப்ராட்டாவுக்கு இடம் ஒதுக்கிக் கொடுத்திருக்கலாம். அது ஊகம்தான், முதலில் என்ன இருந்தது என்று பார்க்க ஆளில்லை.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

முதலில் சுகர் மாத்திரை. அதை நிறுத்துவது என் வேலை அல்ல. அவருடைய சுகர் டாக்டருக்குப் போன் செய்தேன். டாபாக்ளிஃப்ளோசின் இதயச் செயலிழப்பு, சிறுநீரகப் பாதிப்பு உள்ளவர்களுக்கு உயிர் காக்கும் மருந்து. அப்படிப்பட்டவர்களுக்கு ஈஸ்டுக்காக அவசரப்பட்டு நிறுத்தக் கூடாது, தொற்றைச் சரிசெய்துகொண்டே தொடரப் பார்க்கவேண்டும். இவருக்கு இதயம் நன்றாக இருந்தது, சிறுநீரில் புரதம் இல்லை, சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் அளவும் இயல்பு. எனவே அதை நிறுத்திவிட்டு சிட்டாக்ளிப்டின் என்கிற வேறு சுகர் மாத்திரைக்கு மாற்றலாம் என்று சுகர் டாக்டரே சொன்னார். கிளிமெபிரைடு அளவையும் பாதியாக்கினார். தொடங்கும்போது "தண்ணி நிறையக் குடிங்க, சுத்தமா இருங்க" என்று சொல்லித்தான் அனுப்பியதாகவும் சொன்னார். அவர் சொன்னது உண்மை. ஆனால் பாத்ரூமுக்கு எழுந்தால் சூப்பர்வைசர் முகத்தைப் பார்க்கவேண்டிய வேலையில் இருப்பவர் தண்ணீரே குடிக்கமாட்டார். சுத்தமாக இருப்பது என்றால் டெட்டால் என்று புரிந்துகொண்டிருக்கிறார்.

இரண்டாவது, கிளப்ராட்டாவுக்கு மருந்து. உள்ளே வைக்கும் பூஞ்சை மருந்து மாத்திரை (பெஸரி) ஒன்றை இரண்டு வாரம் முயலலாம். ஏற்கெனவே எட்டு மாதம் போய்விட்டதால் நான் போரிக் அமிலத்தைத் தேர்ந்தெடுத்தேன்: 600 மில்லிகிராம் ஜெலட்டின் கேப்சூலில் அடைத்து, இரவு ஒன்று, உள்ளே வைக்க, 21 நாள். இது ரெடிமேடாகச் சுலபத்தில் கிடைக்காது. எங்கள் ஃபார்மசியில் எடை போட்டு அடைத்துக் கொடுத்தார்கள்.

பெயரைச் சொன்னதும் அவர் சிரித்துவிட்டார். "கேரம் போர்டுக்குப் போடுவாங்களே, அந்தப் பவுடருங்களா?" அதுதான். சிரித்தபடியே சொன்னாலும் விஷயம் விளையாட்டல்ல. வாயில் போட்டால் விஷம். மாத்திரை போலவே இருக்கும் கேப்சூல் என்பதால், டப்பாவின் மேல் பெரிய எழுத்தில் "விழுங்கக் கூடாது" என்று தமிழில் எழுதி ஒட்டச் சொன்னேன். சுகர் மாத்திரை வைக்கும் இடத்தில் வைக்கக் கூடாது, பிள்ளைகள் கைக்கு எட்டக் கூடாது, மருந்து முடியும்வரை உறவு வேண்டாம். கர்ப்பமாக இருக்கும் பெண்ணுக்கு இதைக் கொடுக்கவே கூடாது. இவருக்கு அந்தக் கவலை இல்லை.

மூன்றாவது, தோல். இதைத்தான் மிகவும் பயந்தேன். மாதக்கணக்கில் பூசிய க்ளோபெட்டசோலை ஒரே நாளில் நிறுத்தினால் எரிச்சல் முன்பைவிட மோசமாகத் திரும்பும். நோயாளி திரும்பவும் அதே ட்யூபைத் தேடிப் போவார். முதல் சந்திப்பில் ஒற்றை வரியில் "க்ரீமை நிறுத்துங்க" என்று சொன்னது அதனால்தான் பிழை. தோல் மருத்துவரிடம் கேட்டு, லேசான ஹைட்ரோகார்ட்டிசோன் ஒரு சதவீதம் இரவில் இரண்டு வாரம், பிறகு ஒருநாள் விட்டு ஒருநாள் இரண்டு வாரம், பிறகு நிறுத்தம் என்று திட்டமிட்டோம். பகலில் வெறும் வாசலின். கழுவ வெறும் தண்ணீர். சோப்பு, டெட்டால், வேப்பிலை எதுவும் வேண்டாம். பருத்தி உள்ளாடை, வேலை முடிந்து வந்ததும் மாற்றிவிடவேண்டும். மூன்று மாதத்தில் தோல் தேறாவிட்டால், லைக்கன் ஸ்க்லீரோசஸ் போல வேறு தோல் நோயா என்று தோலில் சிறு துண்டை எடுத்துப் பார்ப்பது (பயாப்சி) என்றும் அன்றே எழுதி வைத்தோம்.

அதன் பிறகு

முதல் வாரம் மோசம். ஆறாம் நாள் போனில் அழுதார். "பழைய க்ரீமை ஒரே ஒரு தடவை பூசிக்கட்டுங்களா?" வேண்டாம், இது மருந்தை விடுவதால் வரும் எரிச்சல், இன்னும் பத்து நாளில் இறங்கும் என்றேன். இறங்கும் என்று எனக்கும் நூறு சதவீதம் உறுதி இல்லை. நனைத்துப் பிழிந்த பருத்தித் துணியைப் பத்து நிமிடம் வைக்கச் சொன்னேன். கம்பெனிக்கு ஐந்து நாள் விடுப்பு எழுதிக் கொடுத்தேன், காரணத்தில் "காய்ச்சல்" என்று எழுதச் சொன்னார். அப்படி எழுதவில்லை, "உடல்நலக் குறைவு" என்று எழுதினேன்.

மூன்றாம் வாரத்தில் அரிப்பு பாதிக்கு மேல் குறைந்திருந்தது. போரிக் அமிலத்தால் தண்ணீர் மாதிரிக் கசிவு இருந்தது, அது எதிர்பார்த்ததுதான். ஆறாம் வாரத்தில் எடுத்த கல்ச்சரில் ஈஸ்ட் வளரவில்லை. மூன்றாம் மாதம் வெடிப்புகள் ஆறி, தோலின் பளபளப்பு பெருமளவு குறைந்திருந்தது, பயாப்சி தேவைப்படவில்லை. தாழ்சர்க்கரை மறுபடி வரவில்லை. எச்பிஏ1சி 7.2 ஆக ஏறியிருந்தது. இந்த ஏற்றத்தைச் சுகர் டாக்டர் ஏற்றுக்கொண்டார்.

ஐந்தாம் மாதம் திரும்பவும் அரிப்போடு வந்தார். முகத்தைப் பார்த்ததும் எனக்கே சோர்வாக இருந்தது. ஆனால் இந்த முறை மருந்து எழுதும் முன் ஸ்லைடு பார்த்தேன். ஈஸ்ட் இல்லை. கல்ச்சரும் ஒன்றுமில்லை. விசாரித்ததில், மகள் ஆசையாக வாங்கிக் கொடுத்த வாசனையுள்ள "இன்டிமேட் வாஷ்" இரண்டு வாரமாகப் பயன்பாட்டில். அதை நிறுத்தியதும் பத்து நாளில் சரியாயிற்று. பார்க்காமல் எழுதியிருந்தால் இன்னொரு சுற்று பூஞ்சை மருந்து போயிருக்கும்.

எது குணப்படுத்தியது?

நேர்மையாகச் சொன்னால் தெரியாது. மாத்திரையை மாற்றியது, போரிக் அமிலம், ஸ்டீராய்டை விட்டது என்று மூன்றையும் ஒரே வாரத்தில் செய்தோம். ஆய்வுக்காக என்றால் ஒவ்வொன்றாகச் செய்திருக்கவேண்டும். எட்டு மாதம் தூக்கமில்லாத ஒருவரிடம் அதைக் கேட்க மனம் வரவில்லை. கிளப்ராட்டா சில பெண்களிடம் ஒரு தொல்லையும் தராமல் வெறுமனே குடியிருக்கும் என்பதையும் சேர்த்துப் பார்க்கவேண்டும். அவருடைய எரிச்சலில் பாதிக்கு மேல் க்ரீமால் வந்தது என்றே இப்போது நினைக்கிறேன். தோல் மருத்துவர் அப்படி நினைக்கவில்லை. சர்க்கரைச் சிறுநீர்தான் வேர் என்கிறார்.

என் ஓபியில் மாறியவை

அரிப்பு என்று இரண்டாவது தடவை வரும் யாருக்கும் ஸ்லைடு பார்க்காமல் பூஞ்சை மருந்து எழுதுவதில்லை. மூன்று நிமிட வேலை. இழை இல்லாத ஈஸ்ட் தெரிந்தால் அன்றே கல்ச்சர்.

"சுகர் கன்ட்ரோலா?" என்று கேட்பதை நிறுத்திவிட்டு, "என்ன மாத்திரை, அட்டையைக் காட்டுங்க" என்று கேட்கிறேன். பெயர் "ஃப்ளோசின்" என்று முடிந்தால் தனியாகக் குறித்துக்கொள்கிறேன். அந்த மருந்தில் இருப்பவருக்குப் பிறப்புறுப்பு, ஆசனவாய்ப் பகுதியில் கடும் வலி, வீக்கம், காய்ச்சல் மூன்றும் சேர்ந்து வந்தால் ஓபிக்குக் காத்திருக்காமல் அவசரப் பிரிவுக்கு வரச் சொல்கிறேன். அந்தப் பகுதியின் திசுவையே அழிக்கும், அரிதாக வரும் ஃபோர்னியர் அழுகலைப் பற்றி 2018-இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு எச்சரித்திருக்கிறது. கிளிமெபிரைடு போடுகிறவருக்கு ஃப்ளூகோனசோல் எழுதவேண்டி வந்தால், முடிந்தவரை உள்ளே வைக்கும் மருந்துக்கு மாறிவிடுகிறேன்.

கணவருக்கான "கிட்" எங்கள் ஃபார்மசியில் இருந்தது. வெள்ளைப்படுதல் என்று சொன்னாலே அதை எடுத்துக் கொடுக்கும் பழக்கம் இங்கேயும் இருந்திருக்கிறது, நான் கவனித்ததில்லை. இப்போது பரிசோதனைக் குறிப்பு இல்லாமல் அதைக் கொடுப்பதில்லை.

ஒன்பதாம் மாதச் சந்திப்புக்கு அவர் கணவரோடு வந்தார். அரிப்பு இல்லை. எச்பிஏ1சி 7.3. எதிர்காலத்தில் சிறுநீரகம் பாதிக்கப்பட்டால் அந்த மாத்திரை திரும்பவும் தேவைப்படலாம், அப்போது பயப்படாமல் முன்கூட்டியே என்னிடம் சொல்லவேண்டும் என்றேன். "அது அப்பப் பாத்துக்கலாமுங்க" என்றார். கிளம்பும்போது கதவருகில் நின்று, தன்னோடு செக்கிங்கில் இருக்கும் இன்னொரு பெண்ணும் அதே க்ரீமைத்தான் பூசிக்கொண்டிருக்கிறார், ட்யூபோடு கூட்டிவரட்டுமா என்று கேட்டார்.